பேட்டரி தூங்குது, சத்தம் போடாதீங்க

கம்பளிமேடு என்று ஒரு மலையூர். சாமி எல்லாருக்கும் அறிவைப் பங்கு வைத்துக் கொடுத்த அன்றைக்கு, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள் என்று அடிவாரத்தில் சொல்லுவார்கள். கம்பளிமேட்டுக்காரர்கள் இதை மறுப்பதில்லை. “அந்தக் குளிர்ல எவன் எந்திரிச்சுப் போவான்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அதுவும் நியாயந்தான்.

அந்த ஊரில் மருதப்பன் என்று ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை. யார் என்ன சொன்னாலும் தட்டமாட்டான். அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுவதற்கு ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருந்தான். கோடையில் அது சமர்த்தாக ஓடும். கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், விடிகாலையில் அதைக் கிளப்புவதும் ஒன்று, ஊர்க்கோடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரைக் கிளப்புவதும் ஒன்று.

அடிவாரத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த தங்கமாயன் மகள் செவ்வந்தியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கெட்டுப்போன ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகப் போக, செவ்வந்தியைப் பார்த்தான். பிறகு செவ்வந்தியைப் பார்ப்பதற்காக, கெட்டுப்போகாத ஜீப்பையும் கட்டி இழுத்துக்கொண்டு போனான். அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. காரணம் கேட்டால் சொல்லமாட்டாள், சிரிப்பாள்.

கார்த்திகையில் கல்யாணம் வைத்தார்கள். அன்று காலை ஜீப் கிளம்பவில்லை. மத்தியான பஸ்ஸைப் பிடித்து மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துவிட்டார். செவ்வந்தி மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டாள். மாடு பாதி தின்றிருந்தது.

தங்கமாயன் மறுவாரம் எல்லாரையும் கடைக்கு வரச்சொன்னார். மருதப்பன், அவன் அக்கா பூவாயி, அக்கா புருஷன் உலகப்பன், தாய்மாமன் நல்லகண்ணு ஆக நாலு பேரும் போய் டயர் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“கடைசியா ஒரு முகூர்த்தம்” என்றார் தங்கமாயன். “தை மாசம், வெள்ளிக்கிழமை. ஒம்பதுல இருந்து பத்தரை. பத்தரைக்குள்ள மாப்பிள்ளை பந்தலுக்கு வரலேன்னா, எதுத்த டயர்க்கடை வீரணன் தயாரா இருக்கான். அவனுக்கு வண்டியே வேண்டியதில்ல. ரோட்டைத் தாண்டினாப் பந்தல்.”

எதிர்க்கடையிலிருந்து வீரணன் கையை ஆட்டினான். மரியாதைக்கு மருதப்பனும் திருப்பி ஆட்டினான்.

“ஏன்யா, முதநாளே வந்து தங்கிட்டா என்ன?” என்று கேட்டார் தங்கமாயன்.

“அது எப்படி சம்பந்தி?” என்றார் நல்லகண்ணு. அந்தக் குடும்பத்தில் யோசிக்கிற பொறுப்பு அவரிடம் இருந்தது. “மாப்பிள்ளை முதநாளே வந்து பொண்ணு வீட்டு வாசல்ல கெடந்தா, பொண்ணுக்கு அலையுறான்னு ஊரு பேசாதா?”

“அலையத்தானய்யா செய்யுறான்.”

“செய்யுறான். ஊரு பேசப்படாதுல்ல.”

தங்கமாயன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குளிரில் வண்டியைக் கிளப்புகிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். பேட்டரிக்குக் குளிர் ஆகாது, சாயங்காலமே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். வண்டியைச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுக்கவேண்டும், காலை வெயில் முகத்தில் விழவேண்டும். விடிந்ததும் ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஊற்றவேண்டும். ஹீட்டர் சுவிட்சை அழுத்திப் பிடித்து, ஓட்டுகிறவனுக்கு முன்னால் பலகையில் இருக்கிற சின்னச் சுருள் கம்பி சிவப்பாகப் பழுத்த பிறகுதான் சாவியைத் திருகவேண்டும். அப்படியும் கிளம்பாவிட்டால், தள்ளிவிட்டு இரண்டாம் கியர்.

“புரிஞ்சுதா?”

“புரியுறதென்ன சம்பந்தி, நீங்க சொன்னபடி செஞ்சுட்டாப் போச்சு” என்றார் நல்லகண்ணு.

திரும்பி வரும் வழியில் நல்லகண்ணு யோசித்தார். இவ்வளவையும் ஒரே தலையில் ஏற்றினால் தாங்காது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளவேண்டியது. பூவாயி மூன்று பிள்ளை பெற்றவள், அவளுக்குப் பேட்டரி. வண்டி நிறுத்துகிற பொறுப்பு அவருக்கு. உலகப்பனுக்குச் சுடுதண்ணீர். சுவிட்சும் சாவியும் மாப்பிள்ளைக்கு.

“ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் தலையிடப்படாது” என்று முடித்தார். எல்லாரும் சரியென்றார்கள். அந்த ஒரு பேச்சை மட்டும் அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் நல்லகண்ணு ஜீப்பைச் சரிவில் நிறுத்தக் கிளம்பினார். கம்பளிமேட்டில் வண்டி நிறுத்தத் தோதான சரிவு ஒன்றுதான், அது மேற்கே பார்த்த சரிவு. மூக்கு கீழே பார்த்தால் வெயில் முதுகில் விழும். முகத்தில் வெயில் விழுந்தால் மூக்கு மேலே பார்க்கும்.

“சரிவைத் திருப்ப முடியாது” என்றார் நல்லகண்ணு.

“சூரியனையும் திருப்ப முடியாது மாமா” என்றான் மருதப்பன்.

இரண்டு பேரும் வெகுநேரம் நின்று யோசித்தார்கள். பிறகு நல்லகண்ணு வீட்டுக்குப் போய், பொண்ணுக்கென்று வாங்கி வைத்திருந்த ஆளுயர நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜீப்பின் முகத்துக்கு நேரே வரும்படி வழியோரப் பிள்ளையார் மேடையில் சாய்த்து வைத்தார். காலையில் சூரியன் பின்னால் உதிக்கும், கண்ணாடியில் தெரியும், வண்டி பார்த்துக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பெரிய கல்லும் கொடுத்தார். பிள்ளையாருக்குத்தான் தெரு தெரியாமல் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ கல்யாணம் பார்த்தவர்.

வீட்டுக்குள் பூவாயி பேட்டரியைத் துடைத்து, பழைய நூல்சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“தலை எந்தப் பக்கம் பூவாயி?” என்று கேட்டான் உலகப்பன்.

“செவப்பு மூடி இருக்குல்ல, அதான் நெத்தி. குங்குமம் வச்சுத்தான் அனுப்பியிருக்கான் கம்பெனிக்காரன்.”

“பசிக்காதா அதுக்கு?”

“கடையில என்ன ஊத்துனாங்க, தண்ணிதான ஊத்துனாங்க? அப்ப இது பால்குடி மறந்த புள்ளை. ராத்திரிக்குத் தண்ணி குடுத்தா நனைச்சுரும். காலையில பாத்துக்கலாம்.”

விட்டத்தில் தூளி கட்டினாள். பேட்டரியைத் தூளியில் போட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே நாளைக்குக் கட்டவேண்டிய பூவைக் கட்டினாள். மருதப்பன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு தரம் சுவிட்சை அழுத்திப் பார்த்தான். ஒரு தரம் சாவியைத் திருகிப் பார்த்தான். வீரணன் கையை ஆட்டியது ஞாபகத்துக்கு வந்தது. முருகா, அந்தக் கை நாளைக்கு ஆடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தூங்கினான்.

விடிந்தபோது உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெளுத்திருந்தது. உலகப்பன் அதற்கு முன்பே எழுந்து பெரிய அண்டாவில் தண்ணீர் காய வைத்திருந்தான். மருதப்பன் மணைப்பலகையில் துண்டோடு உட்கார்ந்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மாப்பிள்ளைக்கு மங்கள ஸ்நானம் அல்லவா.

“மச்சான், சுடுதண்ணி?”

“இது வண்டிக்கு மாப்ள.”

“எனக்கு?”

உலகப்பன் நன்றாக யோசித்தான். “ஒனக்குச் சுடுதண்ணி ஊத்தச் சொல்லி உங்க மாமனார் சொல்லலையே” என்றான். அவன் வேலையில் தலையிடக்கூடாது. ஆகவே மருதப்பன் தொட்டித் தண்ணீரில் குளித்தான். முதல் சொம்பு ஊற்றியபோது சத்தம் வந்தது. இரண்டாவது சொம்புக்குச் சத்தம் வரவில்லை, வாய் திறந்தபடியே இருந்தது.

ஜீப்பைப் போய்ப் பார்த்தார்கள். கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. ஜீப் மேலெல்லாம் வெள்ளை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு உறைந்து தொங்கியது.

“சளி” என்றார் நல்லகண்ணு.

அதன் பிறகு உலகப்பனுக்கு வெறும் சுடுதண்ணீர் ஊற்ற மனசு வரவில்லை. நொச்சி இலையை ஒடித்துப் போட்டான், மஞ்சள் போட்டான், கொஞ்சம் துளசியும் போட்டான். அண்டாவை முகத்துக்கு நேரே வைத்து, பானெட்டைத் திறந்து, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். ஆவி பிடிக்கிறவர்களை நடுவில் எழுந்துபோக விடக்கூடாது என்பதால், நல்லகண்ணு துணைக்கு உள்ளே குந்தினார். கம்பளிக்குள்ளிருந்து வெகுநேரம் இருமல் கேட்டது. அப்புறம் தும்மல். அவர் வெளியே வந்தபோது வேர்த்துக் கொட்டியது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் உலகப்பன்.

“புரட்டாசியில இருந்து அடைச்சிருந்த மூக்கு. எளகிருச்சு.”

“வண்டிக்கு?”

“அது இன்னும் வாயே தொறக்கலை.”

மீதித் தண்ணீரை வடிகட்டாமல் ரேடியேட்டரில் ஊற்றினார்கள். மருதப்பன் புதுவேட்டியும் மாலையுமாக ஏறி உட்கார்ந்து, சாமியை நினைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினான். சுருள் கம்பி பழுக்கவில்லை. பழுத்த பிறகுதான் சாவி என்று மாமனார் சொன்னதால் அழுத்தியபடியே இருந்தான். கட்டைவிரல்தான் பழுத்தது.

“பேட்டரி எங்க?” என்றான் கடைசியில்.

வீட்டுக்கு ஓடினார்கள். வாசலிலேயே பூவாயி வாயில் விரலை வைத்தாள்.

“பேட்டரி தூங்குது, சத்தம் போடாதீங்க.”

“அக்கா, நேரமாச்சு.”

“அதுக்கு? தூங்குற புள்ளையை எழுப்பச் சொல்றியா? நீ கைப்புள்ளையா இருந்தப்ப ஒருநாள் பாதித் தூக்கத்துல எழுப்பிட்டு, ரெண்டு நாள் ஊரையே தூங்க விடலை நீ. இதுவும் அழ ஆரம்பிச்சா ஆரு தூக்கிச் சுமக்குறது?”

“மாமா, நீங்க சொல்லுங்க” என்றான் மருதப்பன்.

நல்லகண்ணு தலையைச் சொறிந்தார். “பச்சைப்புள்ளை மாதிரின்னு சம்பந்தி வாயாலதான் சொன்னாரு. பேட்டரி அவ பொறுப்பு. நான் என்ன பேசுறது?”

நாலு பேரும் தூளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இந்நேரம் செவ்வந்திக்குத் தலை பின்னி முடித்திருப்பார்கள். வீரணன் சவரம் பண்ணியிருப்பான். அவன் மெதுவாகத் தூளிப் பக்கம் குனிந்து, “எந்திரிடா தங்கம், மாமாவுக்குக் கல்யாணம்டா” என்று கெஞ்சினான். அதைப் பார்க்கப் பூவாயிக்கே பொறுக்கவில்லை.

“சரி, எழுப்பாம அப்படியே தூக்கிட்டுப் போவோம்” என்றாள். “ஆனா மொதமொத வீட்டை விட்டு வெளிய போகுது. இடுப்புல அரைஞாண் இல்லாம அனுப்ப மாட்டேன்.”

கம்பளிமேட்டில் அப்படித்தான் வழக்கம். எந்தப் பிள்ளையானாலும் வெள்ளி அரைஞாண் கட்டித்தான் முதல் தடவை வாசல் தாண்டும். தன் கடைசிப் பிள்ளையின் அரைஞாண் கொடியை எடுத்துவந்தாள். பேட்டரிக்கு இடுப்பு எங்கே என்று கேள்வி வந்தது. மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு குமிழும் தோளாகவும் இருக்கலாம், இடுப்பாகவும் இருக்கலாம். தோள் என்றால் அதில் அரைஞாண் நிற்காது, அதனால் இடுப்புத்தான் என்று நல்லகண்ணு சொன்னார். பூவாயி ஒரு குமிழில் கொடியைச் சுற்றி, மறுமுனையை அடுத்த குமிழில் கொண்டுபோய் வைத்தாள்.

பளீரென்று ஒரு வெளிச்சம். படபடவென்று பொறி. அரைஞாண் நடுவில் அறுந்து புகைந்தது. நல்லகண்ணு அடுப்படிவரை உருண்டுபோய் நின்றார்.

பூவாயி தூளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“முழிச்சிருச்சு” என்றாள் பூவாயி.

“நல்ல உசுரான புள்ளை” என்றார் நல்லகண்ணு, அடுப்படியிலிருந்து.

விழித்துவிட்டதால் பிறகு தொந்தரவில்லை. உலகப்பன் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கொண்டுபோய் ஜீப்பில் மாட்டினான். மருதப்பன் சுவிட்சை அழுத்தினான். சுருள் கம்பி சிவந்தது. சாவியைத் திருகினான். ஜீப் “க்கும்” என்றது. மறுபடி திருகினான். “க்” என்றது. மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை.

“தள்ளவேண்டியதுதான்” என்றார் நல்லகண்ணு.

தள்ளினார்கள். உலகப்பன் தள்ளினான், பூவாயி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினாள், அக்கம்பக்கத்தார் வந்து தள்ளினார்கள். பிள்ளையாரையும் ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கும்பிட்டார்கள். அவருக்கு நாலு கை இருந்தும் ஒன்றையும் கொடுக்கவில்லை. ஜீப் நகரவில்லை. நல்லகண்ணு மட்டும் முன்பக்கம் நின்று, பானெட்டில் கையை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஏன் மாமா எதுக்கத் தள்ளுறீங்க?” என்று மருதப்பன் கேட்டான்.

“கண்ணாடி மேல ஏறிட்டா? பொண்ணுக்கு வாங்குனது.”

“சக்கரத்துல கல்லு இருக்கு” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“தெரியும். நான்தான் வச்சேன். கல்லு குடுக்கச் சொன்னாரு, குடுத்திருக்கேன். எடுக்கச் சொல்லி யாருகிட்டச் சொன்னாரு?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்லை எடுக்கும் வேலை யாருடைய பங்கிலும் இல்லை. இது பெரிய சிக்கல். கடைசியில் மருதப்பன் பொறுக்கமாட்டாமல், “எனக்கு மாமனார் குடுத்தது சாவியும் சுவிட்சும். சாவி திரும்பணும்னா கல்லு போகணும். அப்ப அது என் வேலையிலதான் வருது” என்றான். அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படி ஒரு நியாயம் பேசிக் கேட்டதில்லை. கல்யாணக் களை வந்ததும் பிள்ளைக்குப் புத்தியும் வந்துவிட்டதென்று பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லகண்ணு கண்ணாடியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். உலகப்பன் கல்லைக் காலால் உதைத்தான்.

ஜீப் உருண்டது. இரண்டாம் கியர் விழுந்தது. ஒரு குலுக்கு, ஒரு செருமல், பிறகு கறுப்பாக ஒரு புகை. நொச்சி வாசனையோடு ஜீப் கிளம்பியது.

எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். ஜீப் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான், மாப்பிள்ளை தனியாகப் போகிறான் என்பதும், தாலி பூவாயி முந்தானையில் இருக்கிறது என்பதும் உறைத்தது.

நல்லவேளையாக அந்த மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. ஜீப் சுற்றிச் சுற்றி இறங்கியது. இவர்கள் தேயிலைச் சரிவில் நேராக விழுந்து இறங்கினார்கள். முதல் வளைவில் உலகப்பன் பாய்ந்து ஏறினான். அடுத்த வளைவில் பூவாயி. அதற்கும் அடுத்த வளைவில் நல்லகண்ணு குதித்தார், ஜீப் இன்னும் வந்து சேரவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, வந்த பிறகு ஒழுங்காக ஏறிக்கொண்டார்.

கடைசி வளைவில் நல்லகண்ணுவின் செல்போன் அடித்தது. தங்கமாயன்தான்.

“எங்கய்யா இருக்கீங்க? மணி பத்தாகப் போகுது. வீரணன் பட்டுவேட்டி கட்டிட்டு வந்து மொத வரிசைல உக்காந்திருக்கான்.”

“ஸ்டார்ட் ஆயிருச்சு சம்பந்தி. வந்துட்டோம்.”

“ஆயிருச்சா? அப்ப மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்துர வேண்டாம். தாலி கழுத்துல ஏறுற வரைக்கும் எனக்கு அந்த ஜீப்பு மேல நம்பிக்கை கிடையாது.”

நல்லகண்ணு அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். மருதப்பன் தலையை ஆட்டிவிட்டு, வலது காலை ஊன்றிக்கொண்டான். இடது காலால் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, ஊருக்குள் ஒரு காலில் நொண்டியாடுகிறவன் மாதிரி வந்து, பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் முட்டி நின்றான். கியரை எடுத்துவிட்டான். கால் மட்டும் எடுக்கவில்லை. ஜீப் ஊர் அதிர உறுமிக்கொண்டிருந்தது.

தங்கமாயன் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வந்துட்டீங்களா. வாங்க மாப்ள, இறங்குங்க. நேரமாச்சு.”

மருதப்பன் இறங்கக் காலை அசைத்தான். நல்லகண்ணு அவன் தொடையை அமுக்கிப் பிடித்தார்.

“பொறு. சம்பந்தி சோதிக்கிறாரு.”

“என்னய்யா சோதனை? இறங்கச் சொல்லு, ஐயர் காத்திருக்காரு.”

“அதெல்லாம் நடக்காது சம்பந்தி. தாலி ஏறுற வரைக்கும் காலை எடுக்காதன்னு போன்ல சொன்னீங்க. இப்ப இறங்குன்றீங்க. அவன் இறங்குனதும், ‘பாத்தியா, சொன்ன பேச்சு நிக்கலை’ன்னு பொண்ணை டயர்க்கடைக்குக் குடுப்பீங்க. நாங்க மேல இருந்து வர்றோம்தான், அதுக்காக இவ்வளவு கூடத் தெரியாதா?”

“யோவ், நான் சொல்றேன்யா. அதைச் சொன்னவனும் நான்தான்யா.”

“அதைச் சொன்னது மெக்கானிக். இதைச் சொல்றது மாமனார். வண்டி விசயத்துல நாங்க மெக்கானிக் பேச்சைத்தான் கேப்போம்” என்றான் உலகப்பன்.

தங்கமாயன் சன்னல் வழியாகக் கையை விட்டார். பூவாயி அந்தக் கையைப் பிடித்துச் சந்தனம் தடவி அனுப்பிவைத்தாள். மருதப்பன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார்த்திகையில் மாடு தின்ற மாலை கண்ணுக்குள்ளேயே இருந்தது. என்ன ஆனாலும் இந்தத் தடவை கால் எடுக்கப்போவதில்லை. வலி முழங்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் வீரணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான்.

அப்போது மணவறையில் செவ்வந்தி எழுந்தாள். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீரணனைத் தாண்டி, தன் அப்பனைத் தாண்டி வந்து, ஜீப்பின் மறுபக்கக் கதவைத் திறந்து, நல்லகண்ணு பின்னால் நகர்ந்துகொள்ள, மருதப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கால் வலிக்குதா?” என்று கேட்டாள்.

“மரத்துப்போச்சு. இப்ப வலிக்கலை.”

“கட்டுங்க” என்று கழுத்தை நீட்டினாள்.

ஐயர் படியில் தொற்றிக்கொண்டு புகைக்குள் மந்திரம் சொன்னார். மந்திரத்துக்கு நடுவே அவர் இருமியதையும் மருதப்பன் பக்தியோடு திருப்பி இருமினான். கெட்டிமேளம் அடித்தார்கள், இஞ்சின் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்காக உலகப்பன் ஹாரனை அமுக்கிக்கொண்டான். பத்தரைக்குச் சற்று முன்னால் தாலி ஏறிவிட்டது. மணவறையை மூன்று சுற்று வரவேண்டும் என்றார் ஐயர். வந்தார்கள், ஜீப்பிலேயே வந்தார்கள். முதல் சுற்றில் நாற்காலிகள் போயின. இரண்டாவது சுற்றில் ஐயர் ஓமகுண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்றாவது சுற்றுக்குள் பந்தலில் இருந்தவர்களெல்லாம் பந்திக்குப் போய்விட்டார்கள். வீரணனும் போய்விட்டான். பாயசத்தில் புகை இறங்கிவிட்டதென்று சமையல்காரர் கத்த, தங்கமாயன் அவரைச் சமாதானம் பண்ண ஓடினார்.

“தாலி ஏறிருச்சு. சுத்தும் முடிஞ்சுது. இனி காலை எடுக்கலாம்” என்றார் நல்லகண்ணு.

மருதப்பன் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி ஓரமாக வைத்தான். உறுமல் குறைந்தது. ஆனால் ஜீப் நிற்கவில்லை. டுக்டுக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காலை எடுத்தா நின்னுரும்னுதான எடுக்காம இருந்தோம்?” என்றாள் பூவாயி.

“கிளப்புறதுக்கு அவ்வளவு சொன்ன மனுசன், நிறுத்துறதுக்கு ஒண்ணும் சொல்லலையே” என்றான் உலகப்பன்.

உள்ளபடியே அவர்களுக்குத் தெரியாது. மூட்டை இறக்கும்போதெல்லாம் ஜீப் ஓடியபடியே நிற்கும். மேலே திரும்பி வந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அணைந்துவிடும். இந்த வண்டியின் இஞ்சினைக் கம்பளிமேட்டில் இதுவரை யாரும் அணைத்தது கிடையாது.

நல்லகண்ணு கண்ணை மூடி யோசித்தார். “இதுக்கு முன்ன எங்க நின்னுச்சு இது?”

“மேல.”

“எதனால நின்னுச்சு?”

“குளிரால.”

“கீழ குளிர் இருக்கா?”

“வேர்க்குது மாமா.”

“அப்புறம் என்ன? மேல கொண்டுபோனாத் தானா நின்னுட்டுப் போகுது. பந்தியை அப்புறம் பாத்துக்கலாம். ஓடுற வண்டியை வச்சுக்கிட்டு நிம்மதியாச் சாப்பிட முடியுமா?”

மெக்கானிக் மகளுக்கு எல்லாம் தெரியும். சாவி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு, வெயிலும் வெல்டிங் புகையுமாகத் தான் பிறந்து வளர்ந்த தெருவைப் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

“மேல ரொம்பக் குளிருமோ?” என்று கேட்டாள்.

“மூக்கு உறைஞ்சுரும்” என்றான் மருதப்பன், பெருமையாக.

“அப்பக் கண்டிப்பா நின்னுரும். போங்க.”

சமையற்கட்டிலிருந்து தங்கமாயன் ஓடிவந்தபோது ஜீப் மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கையில் பாயசக் கரண்டி இருந்தது. அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். வழியனுப்புகிறார் என்று எல்லாரும் திரும்பிக் கைகாட்டினார்கள்.

காலையிலிருந்து ஓய்வில்லாமல் உறுமிய வண்டி, கம்பளிமேட்டு எல்லைக்கு வந்ததும் ஒரு விக்கல் விக்கி நின்றது.

“பாத்தியா” என்றார் நல்லகண்ணு.

“டீசல் தீந்துருச்சு பெரியப்பா” என்றாள் செவ்வந்தி.

“அப்படியும் சொல்லலாம்மா. கீழ அதை டீசல்ம்பாங்க, நாங்க இங்க குளிருன்னு சொல்லுவோம்.”

பூவாயி ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்து பொண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றினாள், ஜீப்பையும் சுற்றினாள். செவ்வந்தி மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் எல்லாருக்கும் ஒன்றாகப் பசித்தது.

அடிவாரத்தில் தங்கமாயன் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து நல்லகண்ணு எடுத்தார். மூச்சு வாங்கியது.

“யோவ், எங்கய்யா போனீங்க எல்லாரும்? பந்தியில பொண்ணு மாப்பிள்ளைக்கு இலை போட்டுட்டு ஊரே உக்காந்திருக்கு.”

“வண்டியை நிறுத்தப் போனோம் சம்பந்தி. நல்லபடியா நிறுத்தியாச்சு. இப்ப எல்லாரும் நடந்து கீழ வந்துக்கிட்டிருக்கோம், மொத வளைவுகிட்ட. நீங்க சாம்பாரை ஊத்தி ஆரம்பிங்க, நாங்க ரசத்துக்குள்ள வந்துருவோம்.”